பேச்சுப் பயிற்சியையும் மலையேற்றுங்கள்: கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், நீலகிரி மாவட்ட மருத்துவப் பணிகளைக் கவனிக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். தையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் தவில் வாசிப்பவர். சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இங்கே தேயிலை பறித்த குடும்பம். அவர் அப்பா வரும்போது கொண்டுவந்த தவில்தான் எங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய பொருள். தலையில் அடிபட்டு, மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து பிழைத்து வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். பிழைத்த பிறகு வேண்டியிருக்கிற ஒன்றைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதம், அம்மன் கோயில் திருவிழா முடிந்து குன்னூர்ப் பக்கமிருந்து இரவு பைக்கில் வந்துகொண்டிருந்தார். நல்ல பனிமூட்டம். வளைவில் காட்டுமாடு நின்றிருக்கிறது. பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கி, தலையின் இடது பக்கம் சாலையோரக் கல்லில் மோதிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார், வாரை மாட்டவில்லை. வார் பிடித்து இறுக்குவதே தொழிலாக இருந்த கை! சரி, அதை இப்போது சொல்லி என்ன.

108 வந்தது. அன்றிரவே கோவைக்கு இறக்கினார்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் அந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் தாலிக்கொடியையும் தவிலையும் சேர்த்து அடகு வைத்திருப்பேன், அதுவும் போதாமல் போயிருக்கும். அப்புறம் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. மூளை வீங்கியதால் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து, வீக்கம் வடிகிறவரை அந்த எலும்பை அவர் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருந்தார்கள். எலும்பு கெடாமல் இருக்க அது ஒரு வழியாம். பார்க்க வந்த எங்கள் பெரியம்மா, "தலையில இருக்க வேண்டியது வயித்துல இருக்கு, இனி எந்நேரமும் சோத்து நெனப்பாத்தான் இருக்கும்" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். முக்கால் பக்கம் மாத்திரைப் பெயர்கள். அடியில் ஒரே ஒரு வரி: பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தொடர வேண்டும். அந்த வரியின் முதல் பாதி தானாக நடந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி செய்கிறவர் எங்கள் லயத்துக்கே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கே, வந்தார். வலது காலை ஊன்ற வைத்ததும், சுவரைப் பிடித்து நடக்க வைத்ததும், மடங்கிப்போயிருந்த வலது கை விரல்களைப் பிரித்துவிட்டதும் அந்தத் தம்பிதான். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் எங்கள் வீட்டு நடையில் வந்து பார்த்தால் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று. வரியின் இரண்டாம் பாதிக்குத்தான் வீட்டுக்கு வர ஆளில்லை. நாங்கள் தேடியவரை பக்கத்து ஊர்களிலும் கிடைக்கவில்லை.

அவருக்கு வந்திருப்பது அஃபேசியா. காது கேட்கிறது. நாக்கு புரள்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் தெரிகிறது. சொல் மட்டும் வருவதில்லை, வந்தால் வேறொன்று வருகிறது. தண்ணீர் கேட்க நினைத்துச் செருப்பு என்பார். கேட்டது செருப்பில்லை என்று அவருக்கே தெரியும், அதனால் கோபம் வரும். என்னைப் பல மாதம் 'அண்ணி' என்று கூப்பிட்டார். முறை பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? கூப்பிட்டதும் போய் நின்றேன். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் அவர் காதருகில் போய்க் கத்தினார்கள். மீதிப் பேர் அவர் முன்னாலேயே என்னிடம், "புத்தி தெளிஞ்சிருமா?" என்று கேட்டார்கள். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கேள்வி கேட்டவர்களைத்தான் அவர் இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறார்.

எலும்பை மறுபடி தலையில் பொருத்தித் தையலும் ஆறியிருந்த சமயம், அவரிடம் தவில் படிக்கிற பையன் ஒருவன் வந்தான். பேச்சு ஓடாத வீட்டில் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான்? தொடையில் தட்டிக்கொண்டே ஒரு கோர்வையை, தவில் சொற்களின் ஒரு தொடரை, வாயால் சொல்லிப் பார்த்தான். நடுவில் ஓரிடத்தில் கணக்குத் தப்பிவிட்டது. கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். விட்ட இடத்தைப் பிடித்து, தகிட தகதிமி என்று எடுத்து, ததிங்கிணதொம் மூன்று முறை வைத்து முடித்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. பெற்ற மகள் பெயர் வராத வாய் அது. பையன் பயந்தே போய்விட்டான்.

கோவையில் எங்களுக்குக் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர் சின்ன வயதுப் பெண். இதைச் சொன்னால் சிரிப்பாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடது பக்கம். பாட்டுக்கும் தாளத்துக்கும் வலது பக்கமும் கூட நிற்கிறது. அதோடு, ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லிப் பழகின வரிசை, எண்ணிக்கையோ சாமி பாட்டோ எதுவானாலும், யோசித்துப் பேசுகிற பேச்சு போன பிறகும் மிஞ்சி நிற்பது உண்டு. சோவியத் நாட்டு இசையமைப்பாளர் ஷெபாலின் பக்கவாதத்தில் பேச்சை இழந்த பிறகும், 1963-ல் இறப்பதற்கு முந்தைய கடைசிக் காலம்வரை இசை எழுதினாராம். பாரிஸ் பக்கத்தில் 1861-ல் பால் பிரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு எதைக் கேட்டாலும் 'தன்' என்ற ஓசைதான் வந்ததாம். இறந்த பிறகு பார்த்தால் மூளையின் இடது முன்பகுதி கெட்டிருந்தது. அந்தக் கதையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு. வெறும் 'தன்' தானா என்று நினைத்திருப்பார். இவரிடம் தகஜொணு வரைக்கும் எல்லாம் இருந்தன.

பேச வராதவர்களை இசைபோல இழுத்துச் சொல்ல வைத்து, கூடவே இடது கையால் தட்ட வைத்துப் பேச்சுக்கு அழைத்து வருகிற ஒரு முறையை 1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். தவிலில் இடது கைதான் கழி பிடிக்கும் கை. வலது கை விரல்களில் கூடு மாட்டி, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் வாசிப்பார்கள். இவருக்கு அடிபட்டது மூளையின் இடது பக்கம் என்பதால் பலம் போனது வலது கையில். கழி பிடிக்கிற கை அப்படியே இருந்தது.

அப்புறம் அந்தப் பெண்ணும் நானுமாக உட்கார்ந்து வீட்டில் புழங்குகிற பேச்சையெல்லாம் தாளத்தில் ஏற்றினோம். 'தண்ணி வேணும்' என்றால் தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை, மிஸ்ரம். 'பசிக்குது' என்றால் தகிட தக. 'கோத்தகிரி' என்றால் தக தகிட, ஐந்து எண்ணிக்கை, கண்டம். 'குன்னூர்' வெறும் தகதிமி. தவில்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியாதா? முதலில் அவர் அந்தத் தாளச் சொல்லை, ஜதியை, சொல்லித் தட்டுவார். அதே தட்டில் நான் வார்த்தையைச் சொல்லுவேன். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். நான் மெல்லக் குரலைக் குறைத்து விட்டுவிடுவேன், அவர் தனியாக முடிப்பார். முடியாத நாளும் உண்டு. அன்றைக்குக் கழி பறக்கும். முதல் முதலாகத் தட்டாமலே 'தண்ணி வேணும்' என்று கேட்டபோது நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

இது மந்திரம் இல்லை. தாளம் போட்டால் எல்லாருக்கும் பேச்சு திரும்பும் என்று நான் சொல்ல வரவில்லை. மூளையில் வேறோர் இடம் கெட்டவர்களுக்கு இந்த முறை உதவாமலே போகலாம். சிலருக்குச் சொல்வது வரும், கேட்பது புரியாது. யாருக்கு எது என்று சோதித்துப் பார்த்து, இன்றைக்கு இதைச் செய், அடுத்து அதற்குப் போ என்று சொல்ல அதற்கென்று படித்தவர் வேண்டும். யூடியூபைப் பார்த்து ஒரு மனைவி செய்துவிடுகிற வேலை இல்லை இது.

அந்தப் படித்தவர் கோவையில் இருக்கிறார். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், எல்லாம் மலை வளைவு. அதற்கப்புறம் கோவை நெரிசல். தலையில் அடிபட்டவருக்கு வளைவில் வருகிற மயக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாந்திக்கு ஒரு பை, வலிப்பு வராமலிருக்க மாத்திரை, அந்த மாத்திரையால் வருகிற தூக்கம். பஸ் ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். அடிபட்டதிலிருந்து சத்தம் ஆகாது, திருவிழாக் கூட்டத்தின் நடுவில் வாழ்ந்தவருக்கு. சீசனில் கீழே இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவார்கள், அப்போது கேட்கவே வேண்டாம். இத்தனையும் கடந்து போய் உட்கார்ந்தால் அவருக்குக் கண் சொருகும். இருக்கிற கொஞ்ச நேரப் பயிற்சியில் பாதி அவரை எழுப்புவதிலேயே போகும். பஸ் செலவு ஒரு பக்கம், நான் தைக்காத நாள் கூலி இன்னொரு பக்கம்.

எப்போதாவது ஒரு தடவை போனால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பக்கவாதத்தால் பேச்சு போனவர்களுக்குச் செய்த பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை 2003-ல் கனடா ஆய்வாளர்கள் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் தெரிந்த ஆய்வுகளில் சராசரியாக வாரத்துக்கு 8.8 மணி நேரம், 11 வாரம்போலப் பயிற்சி நடந்திருக்கிறது. பலன் தெரியாத ஆய்வுகளில் வாரத்துக்கு 2 மணி நேரம்தான், அதை இரண்டு மடங்கு காலத்துக்கு இழுத்திருக்கிறார்கள். அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதைவிட, குறுகிய காலத்தில் நெருக்கமாகக் கொடுப்பது முக்கியம். வாரத்துக்கு 8 மணி நேரம் மலை இறங்கி ஏறி யாரால் பெற முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றி. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அதில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு ஒன்று, அஃபேசியா என்ற பெயரே அந்த விளக்கத்தில் இருக்கிறது. நாங்கள் சான்றிதழுக்காகப் போன ஓரிடத்தில் (எந்த இடம் என்று வேண்டாம்) உட்கார்ந்திருந்தவர், "நடக்கிறாரே, காதும் கேட்குது, என்ன கஷ்டம்?" என்றார். பேச வராது என்றேன். பெயரைச் சொல்லச் சொன்னார். இவருக்குப் பதற்றத்தில் வாய் பூட்டிக்கொண்டது. பதற்றம் வந்தால் இவர் செய்வது ஒன்றுதான், மேசை விளிம்பில் தட்டி ஒரு ஜதியைச் சொல்லிவிட்டார். சரளமாக, அழகாக. "நல்லாத்தானே பேசுறார்" என்று தாளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார் அந்த மனிதர். ஒரு பேச்சுப் பயிற்சியாளர் அந்த அறையில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கிற விஷயம்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது, ஊரில் பெரிய மனிதர் ஒருவர், "நீதான்மா அவனுக்கு மருந்து, எமன்கிட்ட இருந்து மீட்ட சாவித்திரி" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கோயில் கூட்டத்தில் மைக்கிலும் சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள். ஆனால் இந்தச் சாவித்திரிப் பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. சாவித்திரிக்கு எமன் நேரிலேயே வந்து நின்றான், வாதாடினாள், வரம் வாங்கினாள், வேலை முடிந்தது. எனக்கு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சார் வெளியே போயிருக்கிறார்.

ஸ்காட்லாந்துப் பாடகர் எட்வின் காலின்ஸுக்கு 2005-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் பேச்சு போனது. தொடக்கத்தில் அவர் வாயில் வந்தவை ஆமாம், இல்லை, மனைவி பெயரான கிரேஸ் மேக்ஸ்வெல், அப்புறம் 'சாத்தியங்களுக்கு முடிவே இல்லை' என்ற ஒரு தொடர், அவ்வளவுதான். மனைவி பெயர் வந்திருக்கிறது, அந்த அம்மா கொடுத்துவைத்தவர். வலது கை வராததால் அவர் இடது கையால் கிட்டார் கம்பிகளை அழுத்த, மனைவி மீட்டியிருக்கிறார். திரும்ப மேடை ஏறினார், பாடினார். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் மனைவியின் அன்பைச் சொல்கிறார்கள். அவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்து பேச்சுப் பயிற்சி பெற்றதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அன்பு அங்கேயும் இருந்தது, பயிற்சி கொடுக்க ஆளும் இருந்தார்.

என் அன்பை நான் அவருக்குக் கொடுப்பேன், அதை யாரும் கேட்டு வாங்க வேண்டாம். அதை ஒரு பணியிடமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மனைவி இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எங்கள் லயத்துக்கு நாலு வீடு தள்ளி ஒரு தாத்தா இருக்கிறார். பக்கவாதம், பேச்சு இல்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் திருப்பூரில். கையால் சைகை காட்டுவார், கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுக்கிறாரோ அதைச் சாப்பிடுவார். அவருக்கு யார் சாவித்திரி?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மலைக்கு மேலே கோத்தகிரி, குன்னூர், கூடலூர் அரசு மருத்துவமனைகளில் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் பேச்சுப் பயிற்சியாளர் உட்கார வேண்டும். நாள் மாறாமல் இருந்தால் பந்தலூரிலிருந்தும் ஆள் வரும். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிற அதே ஏற்பாட்டில் பேச்சுப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். பிரஷர் பார்க்க வருகிற தன்னார்வலர் அக்காக்களுக்கு, தலையில் அடிபட்டவரும் பக்கவாதம் வந்தவரும் பேசத் தடுமாறினால் யாரிடம் அனுப்புவது என்ற அளவுக்காவது சொல்லிக்கொடுங்கள். நடுவில் உள்ள நாட்களில் செல்போன் வீடியோவிலேயே பயிற்சி கொடுக்கலாம் என்று கோவைப் பெண் சொல்கிறார், ஆனால் எங்கள் லயத்தில் நெட்வொர்க் மழை பெய்தால் போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன அறை, ஒரு நல்ல இணைய இணைப்பு, கதவைச் சாத்தினால் சத்தம் வராமல் இருக்க வேண்டும். போதும்.

உதகையில் 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தபோது மலையே மகிழ்ந்தது, நானும்தான். அங்கே பேச்சு மறுவாழ்வுக்கென்று ஒரு நல்ல பிரிவு வளர்ந்தால் மாவட்டம் முழுக்க அதிலிருந்து ஆள் அனுப்பலாம். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் மைசூரு. 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. நாட்டிலேயே இதற்கென்று பேர்போன இடம், நாங்களோ பந்திப்பூர் ரோட்டை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்களே என்று பஸ்ஸுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு அரசுகள் பேசினால் ஒரு நல்ல ஏற்பாடு பண்ண முடியாதா?

அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். சின்ன வாக்கியம் பேசுகிறார். போனில் பேச வராது, ஆளைப் பார்த்தால்தான் வரும். காசுக் கணக்கு தப்பும், தாளக் கணக்கு தப்பாது. வலது கை விரல்களுக்குக் கூடு போடுகிற பலம் வரவில்லை, வருமா என்று தெரியாது, நாங்களும் தினமும் அதைக் கேட்டுக்கொள்வதில்லை. பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தவில் பாடம் வாயில்தானே ஆரம்பிக்கிறது? தப்பினால் கழியால் ஒரு தட்டு, அவரே சொல்லிக்காட்டுவார். தை மாதம் ஒரு சின்னக் கோயில் பூசையில் பையன் வலந்தலை வாசிக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டார். ஒலிபெருக்கி வேண்டாம் என்று நான் கேட்டதற்கு அந்தக் குழுவினர் ஒத்துக்கொண்டார்கள், சம்பளத்தையும் அவர் கையிலேயே கொடுத்தார்கள். மற்ற விழாக் குழுக்காரர்கள் இதைப் படித்தால், இரக்கப்பட்டுச் சால்வை போடுவதற்கு இதுவே மேல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். எழுதினால் பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்பது மாதிரி நீளமான சொற்களில் அவர் சிக்கிக்கொள்வார். எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இருந்தால் அவரே வாய்விட்டுப் படித்துவிடுவார்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து,
ஒரு தவில்காரரின் மனைவி